பேப்பர் லாமா லோரி வருவதற்குள்

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பேப்பர் லாமா லோரி வரும். பழைய பேப்பர், பழைய ஃபேன், பழைய டிவி என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து, கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். அன்றைக்கு அந்த லோரிக்காரருக்குப் போன் போட்டு வரச் சொன்னவர் ஜெயராஜ். வாசலில் எடுத்து வைத்திருந்ததோ, மனைவி அமுதவள்ளியின் கராவோக்கே பெட்டி.

விஷயம் இதுதான். தீபாவளி மலிவு விற்பனையில் மனுஷன் பாதிச் சுவரை மறைக்கிற மாதிரி ஒரு புது டிவி வாங்கி வந்துவிட்டார். படம் வருவதற்கான பெட்டியின் மஞ்சள் வயரைச் செருகலாம் என்று பின்னால் போய்ப் பார்த்தால், டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை. அந்த வீட்டுக்கு அவர்தான் வயர் மந்திரி. அவரைத் தவிர டிவிக்குப் பின்னால் யாரும் கை வைக்கக் கூடாது. என்றைக்காவது உதவும் என்று ஓர் அரிசிச் சாக்கு நிறைய வயர் சேர்த்து வைத்திருக்கிறார், இதுவரை ஒன்றும் உதவியதில்லை. அரைமணி நேரம் சாக்கைக் கிளறிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். பெட்டி பழசு, டிவி புதுசு, ரெண்டும் ஒத்துவராது, தூக்கிப் போடு.

வாரம் முழுக்கக் கையுறை ஃபேக்டரியில் நிற்கிறவள் அமுதவள்ளி. அங்கே மெஷின் போடுகிற சத்தத்தில் இவள் குரல் இவளுக்கே கேட்காது. ஞாயிறு சாயங்காலம் மைக்கைப் பிடித்தால்தான் தனக்கும் ஒரு குரல் இருக்கிறது என்ற நினைப்பே வரும். இன்றைக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் வேறு. முறுக்கு சுட்டாச்சு, எதிர்வீட்டு வாணியிலிருந்து மூலைவீட்டு சீதாலெட்சுமி வரை பாட வாங்க என்று சொல்லியாச்சு. பெட்டியில் ஸ்பீக்கர் இருக்கிறது, இசை கேட்கும். ஆனால் வரியை டிவியில் பார்த்தால்தானே பாட முடியும்? போனைப் பார்த்துப் பாடிக்கோ என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார் அந்த மகராசன்.

முன் லோரோங் சந்தில் லோரிச் சத்தம் கேட்டது. இனி யோசிக்க நேரமில்லை. அமுதவள்ளி வாசலுக்கு ஓடி, பெட்டியை இடுப்பில் ஏந்தி உள்ளே கொண்டுவந்தாள். போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் தலையை விட்டாள். சிவப்பு இருந்தது, வெள்ளை இருந்தது, நீலம் இருந்தது, பச்சை இருந்தது. இத்தனை கலரையும் வைத்தவன் மஞ்சளை மட்டும் மறந்திருப்பானா? கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பச்சை ஓட்டைக்குக் கீழே, எறும்பு சைஸில், வீடியோ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

மஞ்சளைப் பச்சையில் செருகுவதா? ஏதாவது ஆகிவிட்டால் புது டிவி போச்சு, ஆயுசுக்கும் அவர் பேச்சைக் கேட்டே சாக வேண்டும். வந்தது வரட்டும் என்று அழுத்தினாள்.

பெட்டியை ஓடவிட்டு, டிவி ரிமோட்டில் இன்புட்டை மாற்றினாள். கறுப்பு. இன்னொரு தடவை மாற்றினாள். சடாரென்று திரை முழுக்க ஒரு பனிமலை வந்தது. பாட்டுக்கும் பனிமலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கராவோக்கே டிவிடியில் அப்படித்தான் இருக்கும். மலைக்குக் கீழே பெரிய பெரிய எழுத்தில் பாட்டு வரி ஓடியது. அமுதவள்ளிக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, இனிமேல் பாடாமல் என்ன செய்வாள்?

லோரி வாசலுக்கு வந்து கத்தியபோது அவள் சரணத்தில் இருந்தாள். அது ஒலிபெருக்கி என்றால் இதுவும் மைக்தான். அவள் நிறுத்தவில்லை, இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடினாள். வாணி வீட்டுக் கதவு திறந்தது. ஜெயராஜ் தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து ஹாலில் நின்றார். லோரிக்காரர் கமலநாதன் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கையை நீட்டித் தன்னுடைய ஒலிபெருக்கியை நிறுத்தினார். லோரோங் முழுக்க அவள் குரல் மட்டும் கேட்டது.

பாட்டு முடிந்ததும் கமலநாதன் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, ஏதோ சாமான் எடுக்கணும்னு போன் வந்துச்சே?"

அமுதவள்ளி மைக்கைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள், நாலு வீட்டுக்கும் கேட்டது.

"இருக்கு லா அண்ணே. ஒரு சாக்கு வயர் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

ஜெயராஜ் சாக்கைப் பார்த்தார், திரையில் இருந்த பனிமலையைப் பார்த்தார். பிறகு நுரை வழிய வழியத் தானே சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் லோரியில் போட்டார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆள். தன் வீட்டுப் புது டிவியிலும் மஞ்சள் ஓட்டை இல்லையே, எதில் செருகுவது என்று சீதாலெட்சுமி வழக்கம்போல ஜெயராஜிடம் கேட்டாள். அவர் வாயில் இருந்த முறுக்கை மென்று முடித்தார்.

"எனக்கென்ன தெரியும்? அமுதாவைக் கேளு."