அறுபது தள்ளினால் முப்பது

இரட்டைக் கதவு. இடக் கதவில் ஓடிவரும் அலைக்கோடு நடு இடுக்கைத் தாண்டி வலக் கதவில் அப்படியே தொடர வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் கேட்டது அவ்வளவுதான். மரப் பட்டறையில் எல்லோரும் டிசைனக்கா என்று கூப்பிடும் அவளுடைய உயிரை, அந்த ‘அவ்வளவுதான்’ காலையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

சைன் அலையை இரண்டு மடங்கு நெருக்க வேண்டும், அறுபது டிகிரி வலப்பக்கம் தள்ளவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தது இதுதான் முதல் தடவை. ‘சைன், இரண்டு எக்ஸ் கழித்தல் அறுபது’ என்று, சூத்திரத்தைக் கொடுத்தால் மரத்தில் கோடு செதுக்கும் கட்டிங் மெஷினில் தட்டினாள். அலை பாதி தூரம், முப்பது டிகிரிதான் நகர்ந்தது. ஒரு பலகை பாழ்.

"கழிச்சா இடப்பக்கம்தானேக்கா போகும்? கூட்டிப் பாருங்க," என்றான் முதலாளியின் மச்சினன். மெஷினைத் தன் கையில் கொடுக்கச் சொல்லி மாமாவை நச்சரித்துக்கொண்டே இருப்பவன். அவளும் புத்தி கெட்டுப்போய்க் கூட்டினாள். அலை எதிர்ப்பக்கம் ஓடியது. இரண்டாவது பலகையும் போச்சு.

முதலாளி வந்து பார்த்தார். "ஏம்மா, இன்னும் ஒரு பலகைதான் மிச்சம். இதையும் கெடுத்தா மெஷினை இவன்கிட்ட விட்டுடு."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மெஷின் வந்த புதிதில் ஒருத்தரும் கிட்டே போகாதபோது துணிந்து தொட்டவள் அவள். அறுபது என்று சொன்னால் அறுபது போகக் கூடாதா, சனியனே! எரிச்சலில் ஜன்னல் திரையைச் சடாரென்று ஒதுக்கினாள். துணி நெருங்கியது. அதிலிருந்த பூக்களும் கூடவே நெருங்கின.

அடச்சீ! அலையை நெருக்கிய இரண்டு, தள்ளலையும் சேர்த்தல்லவா நெருக்கிவிட்டது! எக்ஸிலிருந்து அறுபதைக் கழித்து அடைப்புக்குறிக்குள் போட்டாள். இரண்டை வெளியே நிறுத்தினாள். கோடு நூல் பிசகாமல் சேர்ந்தது.

முதலாளி தடவிப் பார்த்தார். "பாத்தியா, பக்கத்துல ஆம்பளை ஒருத்தன் நின்னு சொன்னதும் சரியாயிடுச்சு! நாளையிலேருந்து அவனே ஓட்டட்டும். நீ கூட இருந்து பாத்துக்கோ."

அவள் மெஷினைப் பட்டென்று அணைத்தாள்.

மறுநாள் மச்சினன் மெஷின் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். புது ஆர்டரைப் பார்த்ததும் கால் கீழே இறங்கியது.

"அக்கா, இதுல சைன் இல்லையே. காஸ்னு இருக்கே, அது என்ன?"

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"சைனைத் தொண்ணூறு டிகிரி இடப்பக்கம் தள்ளினா காஸ்," என்றாள் அவர் காதில் விழும்படி.

"எப்படித் தள்றது?"

"முதல்ல நீ நாற்காலியை விட்டுத் தள்ளு."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா மோட்டுவளையைப் பார்த்தார்.