வெளிச்சம் படாத சீசா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பத்திரிகைக் கட்டுரை. மனதைப் புரட்டிப்போடும் மருந்துகளைப் பல வருஷம் பூட்டி வைத்திருந்தார்களே, இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்களாம். சந்தோஷம். ஆனால் நடுவில் அது எவள் வீட்டு அலமாரியில் கிடந்ததோ என்ற பயம்தான் எனக்கு வந்தது. அவளுக்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்தேன்.

2

எழுபத்து மூன்றில், மலையடிவாரத்துச் செங்கம் ரோட்டில் கஸ்தூரி வீட்டு மாடியறைக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடிவந்தார். [‘மலை அமைதியாக நின்றது’ என்றுதான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். மலை வேறு எப்படி நிற்கும்!]

ஊருக்குக் கிளம்பும் அன்று, கறுப்புத் துணி சுற்றிய சீசா ஒன்றை நீட்டினார்.

“மருந்து அம்மா. குடிக்கிறவங்க குடியை விட. எங்க ஆஸ்பத்திரியில நிறைய பேருக்குக் குடுத்தோம்.”

“அய்யோ, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேளை குடுங்களேன்!”

அவர் முகம் செத்துப்போயிற்று. “இப்ப கூடாது. தடை. ஆராய்ச்சியே நிறுத்திட்டாங்க. மறுபடி அனுமதி விடுவாங்க, அப்ப வந்து வாங்கிக்கிறேன். வெளிச்சத்துல வைக்காதீங்க. ஒரு சொட்டே ரொம்ப ஜாஸ்தி.”

போனவர் போனவர்தான். வீட்டுக்காரர் ராஜமாணிக்கமும் குடித்தே போய்ச் சேர்ந்தார். சீசா மட்டும் சாமி அலமாரியில், படங்களுக்குப் பின்னால் இருந்தது. இருட்டு அங்கேதான்.

3

எண்பத்தாறு. தம்பி வேணு பேப்பரோடு வந்தான்.

“அக்கா, போதை மருந்துக்குப் புதுச் சட்டம் போட்டுட்டாங்க. வெள்ளக்காரங்க தங்குன வீடெல்லாம் போலீஸ் பாக்கறாங்களாம். எதுனா மாட்டினா பத்து வருஷம் உள்ள.”

கஸ்தூரிக்குச் சீசா ஞாபகம் வந்தது. சாக்கடையில் கொட்டலாமா? மாடு குடிக்குமே. மண்ணில் புதைத்தால்? மழை பெய்தால் கிணற்றில் இறங்குமே. வேணுவிடம் சொன்னால்? [எழுதிப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்.]

உள்ளே போனாள். தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஆதிலட்சுமி, சாமி அலமாரியைத் திறந்து நின்றாள். உதடெல்லாம் விபூதி. மசக்கையில் தின்னத் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. கையில் சீசா.

“அடிப்பாவி! வாயில வச்சியா?”

“இல்லம்மா. தீர்த்தம்னு நெனச்சேன். தெறக்கறதுக்குள்ள நீ வந்துட்டே. இன்னாம்மா இது, ஏன் இப்டி கத்தறே?”

4

சீசாவைப் பிடுங்கி, துணியோடு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, ஒளித்துவைக்க மொட்டை மாடிக்கு ஓடினாள் கஸ்தூரி. அக்கினி நட்சத்திரம். தரை பாதத்தைப் பொசுக்கியது.

எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது. வெயில் பட்டால் அந்த மருந்து வீரியம் கெட்டுவிடும். டாக்டர் வெளிச்சம் வேண்டாமென்றது அதற்காகத்தான். காரணம் சொல்லாமல் போய்விட்டார், மனுஷன்! வெளிச்சம் பட்டால் ஏதோ விபரீதம் என்று இவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு சீசா எம்மாத்திரம்?

‘அவள் மூடியைத் திறந்தாள்’ என்று எழுதினேன். திறக்க மாட்டேன் என்கிறாள். டப்பாவை முந்தானையால் வேறு மூடிக்கொள்கிறாள்.

நானே போய்த் திறக்கலாம். [பயமாக இருக்கிறது. மருந்து என்றவர்களும் அடித்துச் சொன்னார்கள், விஷம் என்றவர்களும் அடித்துச் சொன்னார்கள். நான் ஒரு கட்டுரை படித்தவன், அவ்வளவுதான். என் பேச்சை நம்பி அவள்…]

“அம்மா, மேலயா கீறே? இரு, வரேன்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆதிலட்சுமி படியேறுகிறாள். கஸ்தூரியின் கைகள் டப்பாவைக் கெட்டியாக மூடியிருக்கின்றன. உச்சி வெயில். இந்த மாடியில் இப்போது நீங்களும் நிற்கிறீர்கள்.

மூடியை எடுப்பீர்களா?