எட்டாம் மேட்டுக்கு அடியில்

மண்ணை அள்ளிக்கொண்டு போகிறவனை ஆனைமலைப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கொண்டுவந்து கொட்டுகிறவனை அந்த ஊர் இப்போதுதான் பார்த்தது. காளியாத்தாளின் தோப்பை ஒட்டிக் கிடந்த மூன்று ஏக்கர் தரிசில் இரண்டு மாதமாக டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து இறங்கியது. பொக்லைன் அதை ஆள் உயரத்துக்குக் குவித்தது, ரோலர் ஏறி அமுக்கியது. காளியாத்தாள் தன் வரப்பில் நின்று எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டு மேடுகள். எட்டாவது மேட்டுக்கும் அவள் கிணற்றுக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லை.

அந்தக் கிணறுதான் அவளுக்கு எல்லாம். அவளும் புருசன் வெள்ளியங்கிரியும் இருபத்திரண்டு வருசம் அடுத்தவர் தோப்பில் கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கிய ஒரு ஏக்கர் அது. எழுபது தென்னை நிற்கிறது. தண்ணீர் கெட்டால் மரம் போச்சு. மரம் போனால் மறுபடியும் அடுத்தவன் தோப்பில் போய்த் தேங்காய் பொறுக்க வேண்டியதுதான்.

அவள் பயமும் சும்மா வந்ததல்ல. நாலு வருசத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் எவனோ கேரளாவிலிருந்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து, குழியில் தள்ளி, மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டான். ஊசி, டியூப், ரத்தத் துணி. மழை பெய்த பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் மாடுகூட வாய் வைப்பதில்லை. இங்கே மண் கொட்டிய டிப்பர்களில் இரண்டு கேரளா வண்டி. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

தரிசைக் குத்தகைக்கு எடுத்தவன் சுஃப்யான். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் அவன் வீட்டாருக்குப் பழைய வண்டி சாமான் கடை. முப்பது வயது இருக்கும், எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. டர்ட் பைக் என்று ஒரு வண்டி, கொக்கு மாதிரி உயரம். அதை மேட்டில் ஏற்றி ஆகாசத்தில் பறந்து அந்தப் பக்கம் இறங்குவதாம். மோட்டோகிராஸ் என்று பெயராம். ஊருக்குள் வீடு வீடாக வந்து நோட்டீஸ் கொடுத்தான்.

"ஞாயித்துக்கெழமை வாங்கக்கா. யாரு வேண்ணாலும் ஓட்டலாமுங்க. வண்டி, ஹெல்மெட், பூட்ஸ், டீ, பன்னு எல்லாமே ஃப்ரீ. மொதல்ல சின்ன மேடுதான், கத்துக் குடுத்துத்தான் ஏத்துவோம்."

"உங்களுக்கு அதுல என்னங் தம்பி ஆதாயம்?" என்று கேட்டாள் காளியாத்தாள்.

"நாலு பேரு பழகுனாத்தானுங்கக்கா பந்தயம் நடத்த முடியும். இந்த ஊர்லருந்தே ஆளு கெளம்போணும்."

சும்மா கொடுக்கிறானாம், அதற்கு இப்படி ஒரு காரணமாம்! காளியாத்தாள் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பிரான்சிஸின் டீக்கடைக்குப் போனாள். ஊர் வாயெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

"பன்னுக் குடுத்து வாயடைக்கறான். மேட்டுக்கு அடியில என்னமோ இருக்குது பாத்துக்கோங்க. இல்லாட்டி எவனாச்சும் செலவு பண்ணி மண்ணுக் கொட்டுவானா?"

பிரான்சிஸ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அது போதும். நாலு ஞாயிற்றுக்கிழமை சுஃப்யானும் அவன் தங்கச்சி ரம்ஷாவும் காலை ஏழு மணிக்கே வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு குஞ்சு குளுவான்கூட எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் மிஞ்சிய பன்னை அவர்களே தின்றார்கள். இன்னும் ஒரு ஞாயிறு பார்த்துவிட்டுக் கடையைக் கட்டிவிடலாம் என்று அண்ணன் போனில் யாரிடமோ சொன்னதை வரப்போரம் நின்று அவளே கேட்டாள். கேட்டதும் மனசு குளிர்ந்தது. குளிர்ந்த கையோடு இன்னொரு பயமும் பிடித்தது. கட்டிக்கொண்டு போகிறவன் அடியில் புதைத்ததையும் எடுத்துக்கொண்டா போவான்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுஃப்யான் தொழுகைக்குப் போனான். ரம்ஷா ஏதோ சாமான் வாங்கப் பொள்ளாச்சி போயிருந்தாள். ரோலர் முந்தின நாளே திரும்பிப் போய்விட்டது. காளியாத்தாள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வரப்பைத் தாண்டினாள்.

"ஏ புள்ள, வேண்டாம், அடுத்தவன் காடு," என்று வெள்ளியங்கிரி மோட்டார் ரூமிலிருந்து கத்தினான்.

"நீங்க சும்மா இருங்க. தண்ணி கெட்டுப் போச்சுன்னா அப்பறம் ரெண்டு பேரும் ஒக்காந்து அழுவலாம்," என்றாள்.

எட்டாம் மேட்டில் கிணற்றைப் பார்த்த சரிவில் தோண்டினாள். சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. தொடை ஆழம் போனாள். செம்மண். இன்னும் தோண்டினாள். செம்மண்தான். ஒரு ஓட்டுச்சில்லு கிடைத்தது. கையால் அள்ளி முகர்ந்தும் பார்த்தாள், மண்வாசனை தவிர ஒன்றுமில்லை. எரிச்சல்தான் வந்தது. மண்ணைத் தள்ளி மூடி, மேலாக்கப் புழுதி தூவி, தென்னமாறால் கூட்டிவிட்டாள். யாருக்கும் அடையாளம் தெரியாது.

அஞ்சாவது ஞாயிறு கூட்டம் வந்துவிட்டது. ஓட்ட அல்ல, வேடிக்கைக்கு. ரம்ஷா பன்னிரண்டு மேட்டையும் தாண்டப் போகிறாள் என்று சுஃப்யான் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தான். பொம்பளைப் பிள்ளை பறப்பதைப் பார்க்க ஊரே சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றது. பெயர் எழுதும் நோட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது, அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. காளியாத்தாள் தன் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரம்ஷா வண்டியைக் கிளப்பினாள். சுஃப்யான் மைக்கில் விளக்கினான்.

"ஏறறது பெருசில்லீங்க, எறங்கறதுதான் விசயம். எறங்கற சரிவு கெட்டியா இருக்கோணும். அதுக்குத்தான் ரெண்டு வாரம் ரோலர் போட்டு அமுக்கி வெச்சிருக்கறோம். அங்க மட்டும் மண்ணு பொதுபொதுன்னு இருந்துச்சுன்னா முன் டயரு சொருகிக்கும். ஆளு தலகீழாப் போயி உழுவாங்க, கழுத்து தாங்காது."

காளியாத்தாள் தோண்டியது அங்கேதான். எட்டாம் மேட்டின் இறங்குகிற சரிவு, கிணற்றைப் பார்த்த அதே சரிவு.

ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். விழட்டுமே, விழுந்தால் இன்றோடு கடை மூடிவிடும், கிணறு தப்பிக்கும், தோண்டியது யார் என்று யாருக்குத் தெரியும்? அந்த எண்ணம் இரண்டு மேட்டு நேரம் நின்றது. ரம்ஷா மூன்றாவதைத் தாண்டியபோது கூட்டம் "ஓ" என்று கத்தியது. அடிப்பாவி, யார் பெற்ற பிள்ளையோ என்று தன்னையே வைதுகொண்டு காளியாத்தாள் ஓடினாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எட்டாம் மேட்டின் உச்சியில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "ஏறாத கண்ணு! ஏறாத!" ஏழாவதிலிருந்து இறங்கிய ரம்ஷா பார்த்துவிட்டாள். பிரேக்கை அழுத்த, வண்டி சறுக்கி மேட்டடியில் சாய்ந்தது. எழுந்தபோது முழங்கையில் தோல் வழன்று ரத்தம் வடிந்தது.

சுஃப்யான் மைக்கும் கையுமாக ஓடிவந்தான். அதை அணைக்க அவனுக்கு நினைப்பில்லை.

"என்னக்கா பண்றீங்க? ரெண்டு பேரு உசுரும் போயிருக்குமே!"

"அந்தப் புள்ள உசுரு போகக் கூடாதுன்னுதானுங் தம்பி வந்தேன். எறங்கற பக்கம் நாந்தான் தோண்டிப்போட்டேன். வெள்ளிக்கெழம."

அவன் சரிவில் கால் வைத்தான். முழங்கால் வரை உள்ளே போனது. அவன் முகம் செத்துப்போயிற்று.

"எதுக்குக்கா?"

"அடியில ஆஸ்பத்திரிக் கழிவப் பொதச்சிருக்கறீங்கன்னு நெனச்சேன். என்ற கெணறு பக்கத்துல இருக்குதுங் தம்பி. எனக்கு வேற ஒண்ணுமில்ல."

"ஒரு மாசமா இதையா நெனச்சீங்க?"

"இப்பவும் நெனைக்கறேன். ஒரு மேட்டத்தான பாத்தேன், மிச்சம் பதினொண்ணு இருக்குதே."

ரம்ஷா ஹெல்மெட்டைக் கழற்றினாள். வேர்த்த முகம், இருபது வயதுகூட இராது. "பாத்த மேட்டுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மண்ணுங் கண்ணு. சுத்தமான செம்மண்ணு. ஒரு ஓட்டுச்சில்லு. வேற ஒண்ணுமே இல்ல."

நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் அது கேட்டது. கயிற்றோரம் நின்ற பிரான்சிஸ் சத்தம் போட்டான். "ஏனுங்க காளியக்கா, நெசமாலுமா? கண்ணால பாத்தீங்களா?"

"கையில அள்ளி மோந்து பாத்தேன்!"

காளியாத்தாளே பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். பிரான்சிஸ் தொப்பையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர், அப்புறம் பத்து. நோட்டீஸும் மைக்கும் பன்னும் ஐந்து வாரமாக இழுத்தும் உள்ளே வராத ஊர், இவள் மானம் போன அஞ்சு நிமிசத்தில் வந்துவிட்டது. சுஃப்யான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நோட்டை எடுக்க ஓடினான். அன்றைக்கு இருபத்தேழு பெயர் சேர்ந்தது.

காளியாத்தாள் முந்தானையால் ரம்ஷாவின் முழங்கையைத் துடைக்கப் போனாள். ரம்ஷா கையை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க, சந்தோசம். நான் அங்க எறங்கியிருந்தா?"

காளியாத்தாளுக்கு அழுகைதான் வந்தது.

அந்த வாரமே ரோலர் திரும்ப வந்து எட்டாம் மேட்டை அமுக்கிவிட்டுப் போனது. அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே காளியாத்தாள் கடப்பாரையோடு போய் நின்றாள். "பதினொண்ணையும் குத்திப் பாத்துக்கோங்கக்கா, ஆனா எறங்கற பக்கம் வேண்டாம்," என்றான் சுஃப்யான். பார்த்தாள். மண்தான். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு மேட்டிலும் இறங்குகிற சரிவை வெறுங்காலால் மிதித்து மிதித்துக் கெட்டியா என்று பார்த்தாள். அதை அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை. பன்னிரண்டும் முடித்துக் கையைத் தூக்கினாள்.

கட்டுப் போட்ட கையோடு வண்டியில் உட்கார்ந்திருந்த ரம்ஷா ஹெல்மெட்டை மாட்டவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். வாரம் முழுக்க அவள் காளியாத்தாளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எட்டாவத மறுக்கா ஒருக்கா மிதிங்க," என்றாள்.

காளியாத்தாள் திரும்பிப் போய், எட்டாம் மேட்டில் ஏறி, இறங்குகிற சரிவில் குதித்தாள்.