முடி வளர்ந்த மோட்டார்

திருத்தணியில் கஜபதியின் வாடகை மோட்டாருக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை மொட்டை அடிக்க வேண்டியிருந்தது, ஆடிக் கிருத்திகைக்கு ஒன்று, தைக் கிருத்திகைக்கு ஒன்று. வெளியில் அல்ல, உள்ளே. இருக்கைகளின் தையல் வழியாகவும், கூரைத் துணியின் மடிப்புகளிலும், கதவுகளின் உட்பக்கத்திலும் முடி வளர்ந்துவிடும். மலையடிவாரத்தில் மொட்டை போடுகிற துளசிங்கம் கிண்ணமும் கத்தியும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, மனிதத் தலைக்குச் செய்வதுபோலவே தண்ணீர் தொட்டு ஊறவைத்து, மேலிருந்து கீழாக வழித்துவிடுவார். முதல் இரண்டு ஆண்டுகள் இதை ஓடுகிற வண்டியில்தான் செய்தார். வண்டி நிற்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஏன் நிற்கக் கூடாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்துகொண்டிருந்த ஆண்டில் கஜபதிக்கும் சுலோச்சனாவுக்கும் கோமளவல்லி பிறந்தாள். பிறந்ததிலிருந்து அவள் தூங்கவில்லை. அவளுக்குக் காது அளவுக்கு மீறிக் கேட்டது. அரக்கோணத்தில் இஞ்சின் மாற்றுகிற சத்தத்துக்கு இங்கே தொட்டிலில் திடுக்கிட்டாள். அடுத்த வீட்டு எறும்புகள் வெல்லத்தை இழுத்துப்போகிற சத்தத்துக்குக் கையை உதறினாள். யாராவது இருமப்போனால், இருமல் வெளியே வருவதற்கு முன்பே அழத் தொடங்கினாள். வீடோ ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வாயில் வைத்த பால் தொண்டையில் இறங்கும் சத்தமே அவளை உலுக்கியதால் பாலும் சரியாகக் குடிக்கவில்லை. அரக்கோணத்து டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் காதில் குறை எதுவும் இல்லை, குறை இல்லாததுதான் வியாதி, தூங்கினால் பிழைக்கும், தூங்காவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில்தான் சுலோச்சனா ஒன்றைப் பார்த்தாள். பெட்ரோல் கிடைக்காத காலம். கஜபதி வண்டியின் முதுகில் கரி உலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதில் வரும் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். அது பழைய வண்டி, நாலு பேரிடம் கைமாறி வந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த ஆட்டத்தில் குழந்தையின் கண் சொக்கியது. மறு நிமிஷம் கதவுத் தகரம் கடகடத்தது. கண் திறந்துகொண்டது.

"ஏங்க, பாத்தீங்களா? கண்ண மூடிச்சி."

"மூடி இன்னா பண்றது? இந்தத் தகரம்தான் ஊரையே கூப்டுகினு வருதே."

"அப்ப மொதல்ல தகரத்தோட வாயக் கட்டுங்க. அப்பறம் சோறு திங்கலாம்."

அன்றிலிருந்து கஜபதி வண்டியின் வாயைக் கட்டுவதில் இறங்கினான். கடையில் போய் வாங்கக் கையில் ஒன்றுமில்லை, சண்டைக் காலத்தில் கடையிலும் ஒன்றுமில்லை. சும்மா கிடைப்பதை வைத்துத்தான் ஆகவேண்டும். ரோடு போடுகிறவர்களிடம் மிஞ்சிய தாரைக் கெஞ்சி வாங்கிக் காய்ச்சி, கதவுத் தகரத்தின் உட்பக்கம் முழுதும் பூசினான். தகரம் தட்டினால் கணீரென்று கேட்டது போய், பூசணிக்காயைத் தட்டினதுபோல் தொப்பென்று கேட்டது. இஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே சாக்கை மூன்று மடிப்பாகத் தாரில் முக்கி ஒட்டினான். தரைக்குத் தேங்காய் நார் அடித்துப் பரப்பினான். கதவு இடுக்குகளில் கிழிந்த சைக்கிள் ட்யூபை நறுக்கி ஓரம் கட்டினான். கண்ணாடி ஆடாமலிருக்கப் பனையோலையை மடித்துச் செருகினான். கூரைக்குப் பழைய காகிதத்தைக் கஞ்சியில் ஊறவைத்து அப்பினான். அதை எலி தின்றுவிட்டது. மறுபடி வேப்பிலை அரைத்துக் கலந்து அப்பினான். எலி போய்விட்டது, கசப்பு வாசனை மட்டும் நின்றது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிற சுலோச்சனாவின் தம்பி தணிகாசலம் கழிவு நூலை ஒரு மூட்டை கொண்டுவந்தான். "பாவா, இது நெய்யறதுக்கு ஆவாது, விக்கறதுக்கு ஆவாது, எங்கள மாதிரி. கதவுல போட்டுப் பாருங்க," என்றான். அதையும் திணித்தார்கள். கடகடப்பு போயிற்று, கிறீச்சென்ற சத்தம் போயிற்று, காற்றின் ஊளை போயிற்று. ஆனால் உலையின் உறுமல் ஒன்று, கம்பளிப்பூச்சி ஊர்கிறமாதிரி, எதைப் போட்டாலும் உள்ளே ஊர்ந்து வந்துகொண்டேயிருந்தது. குழந்தை அதற்கும் விழித்தது. கழுத்து நிற்க வேண்டிய மாதம் வந்தும் நிற்கவில்லை.

மொட்டை போடுகிற இடத்தில் நீளமான கூந்தலையெல்லாம் ஏலம் எடுத்த எல்லப்பன் மூட்டை கட்டிக் கொண்டுபோய்விடுவான். ஆண்பிள்ளைகளின் குட்டை முடியும் குழந்தைகளின் முதல் முடியும் அவனுக்கு வேண்டாம். அவை ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், மழைக்காலத்தில் குளத்தில் தள்ளுவார்கள். சவாரிக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம் கஜபதி அந்தக் குவியலுக்குள் கைக்கடிகாரத்தை விட்டவன் தேடுவதுபோலத் தோள்வரை கையை விட்டுப் பார்த்தான். காதைக் கிட்டே கொண்டுபோனான். பக்கத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவனுக்குக் கேட்கவில்லை. துளசிங்கத்திடம் கேட்டான். "எடுத்துகினு போய்யா, பெருக்கற வேலை மிச்சம்," என்றார் அவர்.

கஜபதியின் அக்கா ரத்தினம்மாள் மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா, சாமிக்குன்னு எறக்கன முடியை எவனாவது வூட்டுக்குத் தூக்கினு வருவானா?"

"வூட்டுக்கு எங்கக்கா கொண்டாந்தேன்? வண்டிக்குத்தானே கொண்டாந்தேன். வண்டி தெருவுலதானே நிக்குது."

"ஆங், வூடு எது வண்டி எதுன்னு சாமிக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும்."

சாமிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பது பிறகு தெரிந்தது. கஜபதி முடியை வேப்பிலை போட்டு அவித்து, வெயிலில் காயவைத்து, நான்கு கதவுகளிலும் கூரையிலும் இருக்கைகளுக்குள்ளும் திணித்து, மேலே வெளுக்காத கோராத் துணி வைத்து ஆணி அடித்தான். வண்டியைக் கிளப்பினான். கிளம்பிற்றா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே மரங்கள் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பள்ளிப்பட்டு ரோட்டில் முதல் பள்ளத்தில் குழந்தையின் கண் சொக்கியது, பிறகு மூடியது, மூடியபடியே இருந்தது. சுலோச்சனா ஏதோ கத்திச் சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதைக் கஜபதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.

வண்டிக்குள் எந்தச் சத்தமும் நிற்கவில்லை. ஏறியவர்கள் கைஜாடையில் பேசக் கற்றுக்கொண்டார்கள். சண்டை போட்டுக்கொண்டே ஏறிய புருஷன் பெண்டாட்டிகள், பாதி வழிவரை வாயசைத்துவிட்டு, சலித்துப்போய் ஆளுக்கொரு பக்கம் பார்த்து, இறங்கும்போது என்ன சண்டை என்பதை மறந்திருந்தார்கள். தரகர்கள் அந்த வண்டியில் ஏறுவதில்லை. ஆனால் குழந்தை ஆட்டத்தில் மட்டுமே தூங்கியது. வண்டி நின்றால் அதே நிமிஷம் விழித்துக்கொண்டது. ஆகவே அவள் தூங்குகிற நேரமெல்லாம் வண்டி ஓடியது. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு, பள்ளிப்பட்டிலிருந்து ஆர்.கே.பேட்டை, அங்கிருந்து மறுபடி திருத்தணி. சவாரிக்காரர்கள் கூடவே ஓடித்தான் ஏற வேண்டும், குதித்துத்தான் இறங்க வேண்டும். தணிகாசலம் தறியை விட்டுவிட்டு வண்டியின் பின்படியில் நின்று ஓட்டத்திலேயே உலைக்குக் கரி போட்டான். குழந்தை விழித்திருக்கிற நேரத்தில் கஜபதி கரி தேடினான், பழுது பார்த்தான். தூங்க நேரம் இருக்கவில்லை. உட்கார்ந்தாலும் கால் தரையை மிதித்துக்கொண்டேயிருந்தது, சோறு தின்னும்போது இடதுகை கியர் போட்டது. குழந்தை தேறிக்கொண்டு வந்தது, தகப்பன் தேய்ந்துகொண்டு வந்தான்.

ரயில்வே கேட் ஒன்றுதான் அவனுக்குப் பயம். கேட் போட்டுவிட்டால் நிற்காமல் முடியாது. அப்போது சவாரிக்காரர்கள் எல்லாரும் இறங்கி, வண்டியை நாலடி முன்னே தள்ளுவார்கள், நாலடி பின்னே இழுப்பார்கள், கூட்ஸ் வண்டி முழுதும் போய் முடிகிறவரை. திருத்தணி ஆசாமிகள் யாரும் இதைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால், "தொட்டில்பா, தள்ளு," என்பார்கள்.

முதல் மழை முடிந்ததும் முடி வளர ஆரம்பித்தது. தையலில் முதலில் கறுப்பாக முள்முள்ளாக, பிறகு விரற்கடை நீளத்துக்கு. சுருட்டை ஓரிடம், நரை ஓரிடம், கூரையில் பூனைமயிர்மாதிரி குழந்தை முடி. சவாரிக்காரர்களுக்குக் கழுத்தில் அரித்தது. துளசிங்கம் வந்து வழித்தார். மறுபடி வளர்ந்தது. கடவுளுக்குக் கொடுத்ததைக் கடவுள் வளர்க்கிறார் என்று ஊர் அதை விட்டுவிட்டது. எல்லப்பன் விடவில்லை. இரண்டாம் ஆண்டு மாசியில், துளசிங்கத்துக்குக் காய்ச்சலாகி மொட்டை தவறிப்போய், பின் இடக்கதவில் ஒரு முழத்துக்கு முடி தொங்கியது. அதை அவன் பார்த்துவிட்டான். குட்டை முடியை வேண்டாமென்றது நிஜம்தான், ஆனால் நீள முடி எங்கே முளைத்தாலும் ஏலப்படி அது தன்னுடையது என்றான். ஓடுகிற வண்டியை மறிக்க முடியாதென்று அவனுக்குத் தெரியும். கேட் போட்டிருந்தபோது இரண்டு ஆட்களோடு வந்தான்.

"எல்லப்பா, வேணும்னா வயிச்சி எடுத்துக்க. துணியைப் பிரிக்காத. உள்ளே கொயந்தை தூங்குது," என்று கஜபதி தள்ளிக்கொண்டே சொன்னான்.

"வயிச்சா வேரு உன்னுது ஆயிடும். எனக்கு வேரோட வேணும்," என்று எல்லப்பன் கத்தியால் கோராத் துணியைக் கிழித்து, கதவுக்குள்ளிருந்ததை வேரோடு உருவி மூட்டை கட்டிக்கொண்டு போனான். அந்த மூட்டை அவன் வீட்டுக் கூடத்தில் இருந்தவரை அவன் பேசியது எதுவும் அவன் மனைவிக்குக் கேட்கவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த இடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவு வழியாக இரண்டு வருஷத்துச் சத்தம் ஒரேயடியாக உள்ளே வந்தது. குழந்தை விழித்தாள், பிறகு மூடவேயில்லை. நாரைத் திணித்தார்கள், நூலைத் திணித்தார்கள், துளசிங்கம் தன் கையாலேயே புதுக் குட்டைமுடி அள்ளிவந்து திணித்தார். எதுவும் ஏறவில்லை, கதவு அதைத் துப்பிவிட்டது. குழந்தையின் கண் உள்ளே போயிற்று. ஏற்றின சதையெல்லாம் வாரத்தில் இறங்கியது. அழக்கூட மறந்துபோய், வாயைத் திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

சுலோச்சனாவுக்கு முழங்கால்வரை கூந்தல். குழந்தை பிழைத்தால் அதை மலையில் இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயிலில் துளசிங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, முந்தானையை விரித்தாள்.

"இதுல எறக்குங்க. தட்டுல போடாதீங்க."

"சாமிக்கு வேண்டிகினதாச்சே தாயீ."

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். அவருக்கு ரெண்டு பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் முடி இருக்குது. எங்க கதவுக்குத்தான் இல்ல."

துளசிங்கம் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். ரத்தினம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாமி கேட்டா எம் பேரைச் சொல்லு. நான் ஏற்கெனவே அவரோட பேசறதில்ல," என்று சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டு, ஊசிநூல் எடுத்துவரப் போனாள்.

கூந்தலை அவிக்கவில்லை, காயவைக்கவில்லை. எண்ணெய் வாசனையோடு அப்படியே சுருட்டிச் சுருட்டிக் கதவுக்குள் வைத்தார்கள். கதவு துப்பவில்லை. ரத்தினம்மாள் துணியைத் தைத்து முடித்து நூலைக் கடித்தாள். கோமளவல்லி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, மூக்கைத் துணியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கஜபதி அவசரமாக இஞ்சினைக் கிளப்பப் போனான். சுலோச்சனா கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. குழந்தை தூங்கிவிட்டிருந்தாள்.

கஜபதி கொஞ்ச நேரம் நம்பவில்லை. கால் தரையை மிதித்துக்கொண்டேயிருந்தது. பிறகு கால் நின்றது. ஸ்டியரிங்மேல் தலையை வைத்தான். நடுத்தெருவில் வண்டி நின்றுபோனதால், அந்தப் பக்கம் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் இறங்கி மாடுகளின் கழுத்து மணியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வயல் வழியாகச் சுற்றிப் போனார்கள். அப்பனும் மகளும் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். இருவரும் பசிக்கிறது என்றார்கள். கோமளவல்லி பேசிய முதல் வார்த்தை அதுதான். இரண்டாவது வார்த்தை நைனா.

நாளாக ஆக அவளுக்குக் காது எல்லாருக்கும்போல மந்தப்பட்டது. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், பெட்ரோல் வந்து, கரி உலையைக் கழற்றிய சமயத்தில் அவள் வீட்டில் பாய்போட்டுத் தூங்கப் பழகியிருந்தாள், கூட்ஸ் வண்டி போனாலும் எழுந்திருப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவதே பெரும்பாடாக இருந்தது. சுலோச்சனாவின் தலையில் அதற்குப் பிறகு முடி வளரவில்லை. அவளுடைய முடி பின் இடக்கதவில் வளர்ந்தது, மற்ற முடிகளைவிட வேகமாக, கறுகறுவென்று. துளசிங்கம் மொட்டை போட வரும்போது அந்தக் கதவை மட்டும் விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் சுலோச்சனா வண்டிக்குள் உட்கார்ந்து, கதவுக்குச் சீயக்காய் தேய்த்து அலசி, சாம்பிராணிப் புகை காட்டி, சிக்கெடுத்து, ஒற்றைப் பின்னலாகப் பின்னி, நுனியில் கதம்பம் வைத்துக் கட்டிவிட்டு வருவாள். பின் சீட்டில் இடப்பக்கம் உட்காருகிற சவாரிக்காரர்கள், நசுங்காமல் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.