காற்றுப் படாத புண்

படகு மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. விசிறியில் சுற்றிய பாசியைக் கத்தியால் அறுத்தபடியே மிஸ்ஹிர் வைதுகொண்டிருந்தான். முதலில் மோட்டாரை, அடுத்து வற்றிக்கொண்டே போகும் சதுப்பை, கடைசியில் இரண்டு நாளாக வலியை யாரிடமும் சொல்லாத அண்ணனை.

அண்ணன் சாசிப், படகின் நடுவில் நாணற்பாயின்மேல் கிடந்தான். அவனுடைய வலது கால் மனைவி வப்ரியாவின் மடியில் இருந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது முழங்காலுக்குக் கீழே இருந்த வீக்கம் இப்போது தொடைக்கு ஏறியிருந்தது. அவள் கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள்.

தோலுக்கடியில் மொறுமொறுத்தது, காய்ந்த சருகை மிதித்தாற்போல.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போன மாதம் வரை கொட்டிலில் துள்ளிக்கொண்டிருந்த எருமைக் கன்று ஒரு காலையில் நொண்டியது. அதன் தொடை இப்படித்தான் மொறுமொறுத்தது. மாலைக்குள் செத்துப்போனது.

நிமிர்ந்தாள். சாசிப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கன்னுக்குட்டி மாதிரிதானே?"

"பேசாம படுங்க, நஜ்லா அப்பா."

"காலையிலேயே அமுக்கிப் பாத்துட்டேன். வீட்டுக்குத் திருப்பச் சொல்லு. கறவை நேரத்துக்கு நீ அங்க இருக்கணும்."

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, மோட்டாரை விடு. கழியை எடு."

"உங்க புருஷன் ரெண்டு எருமை கனம் இருக்காரு, தெரியும்ல?" என்றான் மிஸ்ஹிர். ஆனால் கழியை எடுத்துவிட்டான்.

படகு நகரும்வரை அவள் வேறெதையும் நினைக்கவில்லை. நகர்ந்ததும் நினைப்பு வந்தது.

மூன்று நாளுக்கு முன் நாணல் அறுக்கையில், வெட்டிய அடிக்கட்டை ஒன்று சேற்றுக்குள்ளிருந்து அவன் பாதத்தில் ஆழமாக ஏறிவிட்டது. மறுநாளும் தண்ணீரில் நின்றாக வேண்டும். புண்ணுக்குள் தண்ணீர் போகக்கூடாதென்று அவள்தான் யோசித்தாள். வெடித்த எருமைக் குளம்புக்குச் செய்வதுதானே என்று, படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த மிஸ்ஹிரிடம் போய் ஒரு கிண்ணம் இளஞ்சூட்டுத் தார் கேட்டாள். "பூசுங்க அண்ணி, அண்ணனும் ஒழுகாம இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தான். சாசிப்பும் சிரித்தான். அவள் ஒரு துளி இடைவெளியில்லாமல் பூசினாள்.

கரையில் இருந்த ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா அந்தத் தாரைச் சுரண்டி எடுத்தாள். உள்ளிருந்து கிளம்பிய நாற்றத்தில் நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள்.

"யார் இதைப் பூசினது?" டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை. "இந்தக் கிருமி சேத்துல கிடக்கும். காத்துப் பட்டா அதுக்கு ஆகாது. நீங்க அதை உள்ள விட்டுக் கதவைச் சாத்தியிருக்கீங்க. யாரு?"

வப்ரியாவின் உதடு பிரிவதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான். நானே பூசிக்கிட்டேன்."

மிஸ்ஹிர் அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

காலை இடுப்போடு எடுக்க வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு நிமிஷமும் அது மேலே ஏறுகிறது என்றாள் டாக்டரம்மா. சாசிப் தலையை ஆட்டி மறுத்தான். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு எந்தப் படகைத் தள்ளுவது என்று கேட்டான். சற்று நேரத்தில் அந்தப் பேச்சும் குழறி, எருமைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான்.

காகிதத்தை மிஸ்ஹிரிடம் நீட்டினார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அவரு வேணாம்னு சொன்னாரு. நாளைக்கு எழுந்து என்னைக் கேட்டா?"

"கேக்கட்டும்," என்றாள் வப்ரியா. "எழுந்து கேக்கட்டும்."

நீல மையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துக் காகிதத்தில் பதித்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. நடைவழியில் தரையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஏறும் வெயிலையே பார்த்தாள். மிஸ்ஹிர் வாங்கி வந்த தேநீர் ஆறி ஆடை படிந்தது. வெயில் பாதிச் சுவரைத் தொட்டபோது டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி வெளியே வந்தாள். அவள் நடந்து வந்த விதத்திலேயே வப்ரியா எழுந்து நின்றுவிட்டாள்.

எடுத்த காலைத் தனியே வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நஜஃப் இடுகாட்டில், ஒரே குழியில் அவனோடு சேர்த்து வைத்தார்கள்.

மூன்றாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்களால் நாணல் வீடு நிறைந்திருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள். மாரில் அடித்து அழுது ஓய்ந்த மகள் நஜ்லா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஆண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், புண்ணுக்குப் போய்த் தார் பூசுவார்களா, எந்தப் புத்திசாலியின் வேலை அது என்று கேட்டார்.

தட்டிக்கு அப்பால் கோப்பைகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வப்ரியா மகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"அண்ணன்தான் பூசிக்கிட்டாரு," என்றது மிஸ்ஹிரின் குரல். "யாரு சொன்னா கேக்குற ஆளு அவரு?" கொஞ்சம் பொறுத்து, "தாரு என்கிட்டதான் வாங்கினாரு," என்றான்.

கோப்பைகள் மறுபடி கிணுகிணுத்தன.

வப்ரியா மகளின் தலையை மெல்ல இறக்கித் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தாள். கறவைக்கு இன்னும் நேரம் இருந்தது. கொட்டிலில் ஐந்து கன்றுகள் கட்டியிருந்தன. முதல் கன்றின் பக்கத்தில் குந்தி, அதன் தொடையில் கட்டைவிரலை வைத்தாள். எத்தனை தேய்த்தும் போகாத நீலம் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. அமுக்கிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

கன்று வாலை வீசி ஈயை ஓட்டியது.

அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.