பழனியின் உள்ளங்கை

1

இது நானாக எழுத உட்கார்ந்த கதை இல்லை. எங்கள் சின்ன காஞ்சிபுரம் ஹாக்கி கிளப்புக்கு இந்த வருஷம், 1974-இல், ஐந்து வயது முடிகிறது. அதற்கு மலர் போடுகிறார்கள். காரியதரிசி சக்ரவர்த்தி வீடு தேடி வந்துவிட்டார்.

"முதல் வருஷம் ஜனங்க எப்படிக் கொண்டாடினாங்க, அத்த ஒரு ரசிகரா நாலு பக்கம் எழுதிக் குடுங்க. உங்கள மாதிரி கத்தினவங்க வேற யாரு இருக்கறாங்க?"

கத்தினேன். அதில் சந்தேகம் இல்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தேன், வெட்கமாக இருந்தது. கதை என்று பெயர் வைத்தால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. அப்படித்தான் இது கதையானது.

2

தொடக்கம் ஒன்று: "வேகவதியின் கரையில் மாலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்த"

(விட்டுவிட்டேன். மைதானத்தில் நின்றால் ஆறு தெரியாது.)

தொடக்கம் இரண்டு: "வீரம் விளையும் எங்கள் காஞ்சி மண்ணிலே"

(மலருக்குப் பொருந்தும். எனக்கு வாய் கூசுகிறது.)

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: 1969-இல் ஜில்லா லீக்கில் எட்டு அணிகள் இருந்தன. ஒன்பதாவதாக எங்களைச் சேர்த்தார்கள். பாதிப்பேர் தறி நெய்கிறவர்கள், மீதிப்பேர் வாத்தியாரும் கடைக்காரரும். வாங்கிக் கட்டிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று ஊர் சிரித்தது. முதல் ஆட்டத்தைப் பார்க்கப் பதினான்கு பேர் போனோம். அதில் மூன்று பேர் மாடு தேடி வந்தவர்கள்.

ரயில்வே அணியை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அடுத்த ஞாயிறு போலீஸ்காரர்களை ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து பஸ் கூரைமேல் உட்கார்ந்து ஆட்கள் வந்தார்கள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள்கூட நடுவர் கண்ணில் மண் விழுந்ததா என்று விசாரித்தார்கள். பெருமாள் கோயில் பிரசாதம் ஒரு தூக்கு வந்தது. இட்லிக் கடையில் ஆட்டக்காரர்களுக்கு இரண்டாவது ஈடு இலவசம்.

மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல். நான்கு பழனி போட்டவை.

3

பழனி நெசவாளி. ஒல்லி, கொஞ்சம் கூச்சக்காரன். பந்து காலடிக்கு வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். பட்டுக்கடையில் பாவும் (தறியில் நீளவாட்டில் பூட்டும் இழை) குறுக்கே ஓட்டப் பட்டும் வாங்கிப்போய், வீட்டுத் தறியில் நெய்து, புடவையைக் கடையில் கொடுப்பான். கொடுத்தால் அடுத்த பாவு கிடைக்கும். பாவு இல்லையென்றால் தறி சும்மா கிடக்கும், வீட்டில் உலையும் சும்மா கிடக்கும்.

இப்போது ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது. அந்தப் பட்டுக்கடையில், வரும் புடவைகளைத் தடவிப் பார்த்து நல்லது, பழுது என்று சொல்கிற குமாஸ்தா. அனந்தநாதன் என்று பெயர் வைக்கிறேன். ஜைனர். ஊரில் நைனார் என்று கூப்பிடுவார்கள். ஹாக்கிப் பைத்தியம்.

[அனந்தநாதன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரொம்ப நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான். போகட்டும், பார்ப்போம்.]

மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் ஊரில் இடி விழுந்தது. பழனி இரண்டு ஆட்டத்துக்கு வரமாட்டானாம். ரசிகர்கள் கூடிப் பேசி, பழனிக்குத் தெரிந்தவர் என்பதால் அனந்தநாதனைத் தூது அனுப்பினார்கள்.

பழனி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மட்டை பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருந்தது.

"பட்டு மேல கைய வெச்சா இழை மாட்டிக்கினு வருது நைனாரே. கல்லுல தேச்சுப் பாத்தேன், அடங்கல. எண்ணெய் தடவலாம்னா பட்டுல கறை ஆயிடும். இந்தப் பொடவ முடியறவரைக்கும் வுட்டுடறேன்."

"அவ்ளோதானா? பொடவ யார்கிட்ட வரப்போவுது? எங்கிட்டதானே? ஒரு இழை ரெண்டு இழை, நான் பாத்துக்கறேன்பா. நீ ஆடு."

பழனி யோசித்தான். குறுக்கே ஓட்டும் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ஏலவார்குழலி கையை நிறுத்தினாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா? கல்யாணப் பொடவ அது."

"நான் சொன்னா சொன்னதுதாம்மா."

"நைனாரே சொல்றாரு, அப்புறம் இன்னா," என்றாள் பழனியிடம். மறுபடி நூலைச் சுற்றினாள்.

4

அனந்தநாதன் என்று யாரும் இல்லை. என் பெயர் நேமிநாதன். அந்தக் குமாஸ்தா நான்தான். மேலே உள்ள பேச்சில் ஒரு சொல்லையும் நான் கற்பனை செய்யவில்லை, பெயரை மட்டும் மாற்றினேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். எழுதவில்லை. நான் ஒளியப் பார்த்தது உங்களுக்கும் தெரியட்டும்.

நான்காவது ஆட்டத்தில் பழனி இரண்டு கோல் போட்டான். அவனைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இடது கால் என் தோளில் இருந்தது.

வியாழக்கிழமை புடவை வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. நான் பாயில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் புடவையைப் பரப்பிப் புறங்கையால் தடவிக்கொண்டே போனேன். முந்தானைக்கு ஒரு முழம் முன்னால் தட்டுப்பட்டது. மூன்று இடம். இழை மெல்லிசாகப் பறிந்து எழும்பியிருந்தது.

இந்த இடத்துக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) முதலாளியே பழுதைக் கண்டுபிடிக்கிறார். நான் பழனிக்காக வாதாடுகிறேன், தோற்கிறேன். மலரில் போட்டால் எல்லோரும் அழுவார்கள்.

(ஆ) நான் "நல்லா இருக்குது" என்று சொல்லி மடித்து வைக்கிறேன். கல்யாணத்தில் யாரும் கவனிக்கவில்லை. பழனி கோப்பை வாங்கித் தருகிறான்.*

(இ) முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவே இல்லை. "என்ன நேமி, சரியா?" என்று கேட்டார், அவ்வளவுதான். பெண் வீட்டார் கண்டுபிடித்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். "பழுதுங்க. மூணு இடம்," என்றேன். பிறகு யாரும் கேட்காமலே ஒன்று சேர்த்துச் சொன்னேன்: "ஹாக்கி ஆடறான் இல்ல, கை நிதானம் போயிடுச்சு."

"அப்போ அடுத்த பாவு வேற ஆளுக்குக் குடு," என்றார் முதலாளி.

நடந்தது (இ).

பழனி எதிரில்தான் நின்றிருந்தான். நீங்கதானே ஆடச் சொன்னீங்க என்று அவன் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில்கூட அவசரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் புடவையை மடித்து என் முன் வைத்துவிட்டு, "வரேன் நைனாரே," என்று போனான். அவன் தறி நான்கு மாதம் சும்மா கிடந்தது. ஏலவார்குழலி ஐயம்பேட்டைக்கு நடந்துபோய்க் கூலிக்கு நூல் சுற்றினாள்.

* கோப்பை வரவில்லை. அந்த வருஷம் மூன்றாவது இடம்.

5

இத்தோடு நிறுத்தலாம் என்று பேனாவை மூடினேன். என் மனைவி தயாவதி படித்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்குப் போனீங்களே, அத்த ஏன் எழுதல?" என்றாள்.

போனேன். வழக்கமான இடத்தில் நின்றேன். பழனி வரமாட்டான் என்று நினைத்தேன், அல்லது வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தான். ஆட்டம் முடியும் சமயத்தில் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தை உள்ளே அடித்தான்.

"பழனீ!" என்று முதலில் கத்தியது நான்.

அந்தக் கத்தலை நடிப்பு என்று எழுத எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று நாள் முன்னால் அவன் சோற்றில் மண் போட்டது என் நினைவிலேயே இல்லை. எனக்கு வெட்கமெல்லாம் இதுதான். கடையில் சொன்னதற்குப் பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

என் குரல் அவனுக்குத் தெரியும். கோல் போட்டதும் எங்கள் பக்கம் திரும்பினான்.

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பியிருந்தான்.

ஆகவே அந்த முகம் எனக்குத் தெரியாது. கோபமா, சிரித்தானா, என்னைத் தேடினானா, ஒன்றும் தெரியாது. கீழே நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் குனியாமல் நின்று, பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை என்னிடம் காட்ட வேண்டாம்.

...

...

...

...