தவிடு

வைதேகிக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது. இரண்டு மாதமாகக் காரைக்கால், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று வரைபடத்தைச் சல்லடை போட்டுச் சலித்தும் ‘டாவிடூ’ என்றொரு ஊர் அகப்படவில்லை. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களை எல்லாம் நச்சரித்தும் பார்த்துவிட்டாள்.

தேடச் சொன்னவள் சொலாஞ்ச். மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் வைதேகியோடு வேலை பார்க்கும் நர்ஸ், மொரீஷியஸ்காரி. அவள் வம்சத்தின் மூத்த தாய் ஒரு தமிழ்ச் சிறுமியாம். கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் அடிமையாக விற்றிருக்கிறார்கள். வளர்ந்ததும் மலைக்காட்டுக்குத் தப்பி ஓடி, அங்கேயே பிள்ளை பெற்று வாழ்ந்தாளாம். எங்கிருந்து வந்தாய் என்று யார் கேட்டாலும் ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்வாளாம். அதுதான் ஊர்ப்பெயர் என்று நம்பி, தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அதையே பெயராக வைத்து வருகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொலாஞ்சின் பேத்திக்குச் சூட்டப்போவதும் அதே பெயர்தான். அதற்குள் ஊர் தெரிந்தாக வேண்டும் என்று சொலாஞ்ச் ஒற்றைக்காலில் நின்றாள்.

சனிக்கிழமை வைதேகி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். த பேசின் கோயில் பிள்ளையாரிடமும் காலையிலேயே முறையிட்டுவிட்டு வந்தாயிற்று. சொலாஞ்ச் தூக்கி வந்திருந்த பேத்தி வைதேகியின் மடியில் கிடந்து வளையலைச் சப்பிக்கொண்டிருந்தாள். மகள் அக்ஷராவோ தட்டு வைக்கச் சொல்லியும் போனை விட்டு நிமிரவில்லை.

“ரெண்டு படி தவிடு குடுத்து உன்னை வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்!” என்று தமிழில் பொரிந்தாள் வைதேகி.

சொலாஞ்சின் கை கரண்டியோடு நின்றது. “என்ன சொன்னே? அந்த வார்த்தை... தவிடு!”

வைதேகி திகைத்தாள். சொலாஞ்ச் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தபோது டாவிடூ. இவள் வாயில் வருவது சுத்தமான தவிடு.

“எங்கம்மா இப்படித்தான் சொல்வாங்க! எங்க இருக்கு அந்த ஊர்?” சொலாஞ்ச் எழுந்தே விட்டாள்.

அக்ஷரா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள். “ஊரெல்லாம் இல்ல ஆன்ட்டி. நெல்லுல இருந்து வர்ற தூசு மாதிரி, மாட்டுக்குப் போடுறது. அதைக் குடுத்து என்னை வாங்கினாங்களாம். எல்லாத் தமிழ் அம்மாவும் சொல்ற ஜோக்.”

சொலாஞ்சும் கூடச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

வைதேகிக்கு அப்போதுதான் உறைத்தது. அடப் பாவமே, அந்தச் சிறுமி காலமெல்லாம் தன் விலையையா சொல்லிக்கொண்டிருந்தாள்? அதைப் போய் இத்தனை வருஷம் பெற்ற மகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறோமே! எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் போலிருந்தது.

“அது பாசத்துல செய்ற வழக்கம், சொலாஞ்ச். முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கலைன்னா, அடுத்த குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்துடுவாங்க. சும்மா ஒரு பேருக்கு. பிள்ளை நிலைக்கணும்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் அவங்களே திரும்ப வாங்கிப்பாங்க.”

“கட்டாயம் வாங்கிப்பாங்களா?”

“ஆமா. உடனே.”

சொலாஞ்ச் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்க பொண்ணைத் திரும்ப வாங்க யாருமே வரலையே, வைதேகி.”

சொலாஞ்ச் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“குழந்தையைக் குடு.”